நைட்ரிக் ஆக்சைடு: தேவைப்படும் இடத்திலேயே பிறக்கும் மருந்து

நைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றும் இணைந்த எளிய வாயு நைட்ரிக் ஆக்சைடு. வாகனப் புகையில் கலந்து காற்றை மாசுபடுத்தும் இதே வாயு, நம் உடலில் குருதிக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்கிறது. குழாய்களின் உட்சுவர் உயிரணுக்கள், அர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதியின் துணையால் இதனை இடையறாது உண்டாக்குகின்றன. இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் மூவரும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

பழைய மருந்து, புதிய விளக்கம்

நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் தரும் முறை 1879 முதலே மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றுள்ளது. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டே பயன் தருகிறது என்பது 1977-இல் முராட் செய்த ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று. ஆயினும், இம்மருந்தை இடைவிடாது கொடுத்தால் அதன் ஆற்றல் குன்றிவிடும்.

கொண்டு செல்வதில் உள்ள இடர்

இவ்வாயுவை நேரே குருதியில் செலுத்துவதால் பயனில்லை. செவ்வணுக்களிலுள்ள ஈமோகுளோபின் நொடிப்பொழுதில் அதனை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. இக்குறையே நுரையீரலில் நன்மையாகிறது. பிறந்த பின்னும் நுரையீரல் குருதிக் குழாய்கள் விரியாமல் மூச்சுத் திணறும் குழந்தைக்கு, சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்ற அளவில் இதனைக் கலந்து தருகின்றனர். நுரையீரல் குழாய்கள் விரிகின்றன. வாயு குருதியில் கலந்ததும் அழிவதால், உடலின் ஏனைய பகுதிகளில் குருதி அழுத்தம் தாழ்வதில்லை. இச்சிகிச்சைக்கு அமெரிக்கா 1999-இல் ஒப்புதல் அளித்தது.

ஆனால் இதற்கு உயரழுத்தச் சிலிண்டர்களும் நுட்பமான அளவுக் கருவிகளும் வேண்டும். ஆக்சிஜனுடன் சேர்ந்து நச்சுத்தன்மையுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறக்கூடுமாதலால் இடைவிடாத கண்காணிப்பும் தேவை. செலவும் மிகுதி. இவ்வாயு கிடைக்காத மருத்துவமனைகளில் சில்டெனாஃபில் என்னும் மருந்தைக் கொண்டு சமாளிக்க வேண்டியுள்ளது. சுற்றுப்புறக் காற்றிலிருந்து மின்பொறியால் இவ்வாயுவை உண்டாக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. அத்தகைய கருவிக்குச் சிலிண்டர் தேவையில்லை.

வினையூக்கியின் பணி

உடலில் பொருத்தும் குழாய்களின்மேல் குருதி உறைவது மற்றொரு பெருஞ்சிக்கல். இயற்கையான உட்சுவரில் குருதித் தட்டணுக்கள் ஒட்டாமல் காப்பனவற்றுள் நைட்ரிக் ஆக்சைடும் ஒன்று. செயற்கைக் குழாயில் அவ்வாயுவைத் தரும் பொருளைப் பூசலாம். ஆனால் சேமிப்புத் தீர்ந்ததும் அதன் பயன் முடிந்துவிடும்.

இங்கேதான் வினையூக்கி உதவுகிறது. குருதியில் நைட்ரோசோதயால் எனப்படும் சேர்மங்கள் சிறிதளவு இயல்பாகவே உள்ளன. குழாயின் பரப்பில் பதித்த செம்பு அல்லது செலீனியச் சேர்மம் அவற்றைச் சிதைத்து, அவ்விடத்திலேயே வாயுவை விடுவிக்கிறது. வினையூக்கி தான் செலவாவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேயர்ஹாஃப் குழுவினர் இத்துறையில் முன்னோடியாக உழைத்தனர். எனினும், இச்சேர்மங்களின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதும், செம்பு கரைந்து குருதியில் கலக்கக்கூடும் என்பதும் தீர்க்கப்பட வேண்டிய தடைகளாகும்.

நொடிப்பொழுதே வாழும் மருந்தைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதைவிட, வேண்டிய இடத்தில் உண்டாக்குவதே சாலச் சிறந்தது. சிலிண்டர் சென்று சேராத மாவட்ட மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடும் பச்சிளங்குழந்தைக்கும் எட்டும்போதே இந்த அறிவியல் முழுப்பயன் பெறும். கருவி வாங்கத் திட்டமிடுவோர், அதனை இயக்கிக் கண்காணிக்கும் செவிலியரின் பயிற்சிக்கும் உடன் நிதி ஒதுக்குதல் இன்றியமையாதது.