விற்பனைக்கு வராத செயலி

தையல் வகுப்பில் புதுத் துணியில் கத்தரி வைக்குமுன் பழைய துணியில் ஒரு சட்டை தைத்துப் பார்க்கிறோம் அல்லவா? கணிப்பொறியின் மூளையாகிய செயலியைச் செய்வோரும் அப்படித்தான். இன்டெல், ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் முதலில் மாதிரிச் செயலிகளைச் செய்து, தாய்ப்பலகையும் கணிப்பொறியும் தயாரிப்போருக்குச் சோதனைக்காகக் கொடுக்கின்றன. அவற்றுள் சில எப்படியோ கை மாறி விலைக்கு வந்துவிடுகின்றன.

விலை குறைவு என்பதே இவற்றின் பெரிய கவர்ச்சி. பெரிய அலுவலகக் கணிப்பொறிகளுக்குரிய ஸியான் செயலியின் மாதிரி, கடை விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைப்பதுண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தடையில்லாத மாதிரிகளும் உண்டு. சோதனை செய்து பார்க்கும் ஆர்வமுள்ளவருக்கு இது விருந்துதான். கடைசிக் கட்ட மாதிரிகள் ஏறக்குறைய கடைச் சரக்குக்கு ஒப்பானவை.

முதற்கட்ட மாதிரிகளோ வேறு. வேகம் குறைவாயிருக்கும், சில பகுதிகள் இயங்கா. தாய்ப்பலகையின் பயாஸ் என்னும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தால், மறுநாள் கணிப்பொறி கண் திறக்காமலும் போகலாம். இவற்றைவிடப் பொல்லாதது, வெளியில் தெரியாத பிழை.

1994-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பென்டியம் செயலி வகுத்தலில் தவறுவதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அது 1.33374 என்றது. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டதே காரணம். இத்தனைக்கும் அது மாதிரியன்று, சோதனைகள் முடிந்து கடைக்கு வந்த சரக்கு! இன்டெல் வேறு செயலி மாற்றித் தர முன்வந்தது. அதற்காக 47 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. முறையாக வாங்கியவருக்குக் கேட்க ஓர் இடம் இருந்தது. மாதிரி வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

கேட்க முடியாது. ஏனெனில் மாதிரிகள் இரவலாகக் கொடுக்கப்பட்டவை. அவை தன் உடைமையே, விற்பதற்கல்ல என்பது இன்டெல்லின் நிலை. உத்தரவாதமும் கிடையாது. காசு கொடுத்தும் நமதாகாத பொருள் இது ஒன்றுதானோ!

தோழியரே, வீட்டில் பழைய கணிப்பொறி வாங்குவதாயிருந்தால் செயலியின் பெயரைத் திரையில் பாருங்கள். மாதிரி எண்ணுக்குப் பதில் 0000 என்றிருந்தாலோ, உலோக மூடியில் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருந்தாலோ, பணம் கொடுக்குமுன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.