பயிர் போகுமுன் பெயரைப் பதியுங்கள்

டெல்லிக்குள் விவசாயமா என்று கேட்பவர்கள் மார்ச் கடைசியில் நஜஃப்கர், நரேலா பக்கம் போய்ப் பார்க்கட்டும். ஒரு கோதுமைக் கதிரைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினால் போதும். உமி பறந்தபின் கையில் நிற்பது திரண்ட மணியா, சுருங்கிய மணியா என்பதிலேயே அந்த வீட்டின் வருமானம் தெரிந்துவிடும்.

1901-க்குப் பிறகு நாடு கண்ட மிகச் சூடான மார்ச், 2022-இல் வந்தது. பால் பிடிக்கும் நேரத்து வெயிலில் மணி முற்றாமலே காய்ந்தது; மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. மறு ஆண்டு ஜூலை 13-இல் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. கரையோரக் காய்கறித் தோட்டங்கள் மூழ்கின.

இனி வெயிலும் வெள்ளமும் மாறி மாறி அடிக்கும். பயிரோடு நிவாரணமும் போவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிர்தாவரிப் பதிவேட்டில் வயல் 'தரிசு' என்றிருக்கும்; அல்லது உழுதவர் பெயர் இருக்காது. நம்மூர் அடங்கல்தான் இங்கே கிர்தாவரி.

விதைத்ததும் பட்வாரியிடம் (நம்மூர் கிராம நிர்வாக அலுவலர் போன்றவர்) கிர்தாவரி நகல் கேளுங்கள். கஸ்ரா எண் (நம்மூர் சர்வே எண்), பயிர், பரப்பு, பயிரிடுபவர் பெயர் நான்கையும் சரிபாருங்கள். தவறிருந்தால் தாசில்தாருக்கு எழுத்தில் கொடுங்கள். 'பார்த்துக்கலாம்' என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

சேதமானால் அன்றே, பக்கத்து வயலும் தெரியப் படமெடுங்கள். கோட்டாட்சியர் (எஸ்.டி.எம்.) அலுவலகத்தில் மனு கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் டைரி எண்ணும் வாங்காமல் நகராதீர்கள். கணக்கெடுக்குமுன் உழுதுவிடாதீர்கள். 2022-இல் திருத்திய பேரிடர் நிவாரண விதிப்படி, 33 சதவீதமாவது சேதம் இருந்தால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிக்கு ரூ.8,500, இரண்டு ஹெக்டேர் வரை. பதில் வராவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் கஸ்ராவை யார், எந்தத் தேதியில் பார்த்தார், எவ்வளவு சேதம் எழுதினார் என்று கேளுங்கள். வயலுக்கே வராமல் எழுதும் கணக்கு அப்போதுதான் வெளியே வரும்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பயிர்க் காப்பீட்டுக்கு வி.ஏ.ஓ. தரும் அடங்கலோ விதைப்புச் சான்றோ வேண்டும், குத்தகைதாரரும் சேரலாம். ஆலங்கட்டி மழையோ, அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைவதோ நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு உதவி எண் 14447-க்குச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் சொல்லிப் பயனில்லை.

2015-இல் டெல்லி அரசு பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.50,000 அறிவித்தது. அறிவிப்பு ஊருக்கெல்லாம் வரும். பணம் பதிவேட்டில் உள்ள பெயருக்குத்தான் வரும். இந்தப் பருவத்தில் உங்கள் பெயர் அதில் இருக்கிறதா? இன்றே போய்ப் பாருங்கள்.