களத்து மேரை போய் காசுத் தீர்வை வந்த கதை

திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஊர்களில் இன்று ஆலைகளும் கண்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படுகின்றன. 1708-ல் இவை கிராமங்களாக இருந்தபோதே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டன. 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அந்தச் சீமையின் சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அன்றைய ஊர்களில் நெல் யார் யாருக்குப் போனது என்பதை அந்தக் கணக்குகள் சொல்கின்றன.

களத்திலேயே பங்கு

நெல் களத்துக்கு வந்ததும் கோயில், கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் எனப் பலருக்கும் நெல்லாகவே பங்கு அளக்கப்பட்டது. இதற்கு மேரை, சுதந்திரம் என்று பெயர். சர்க்காருக்கு மேல்வாரம், குடிகளுக்குக் குடிவாரம். கலப்பை உடைந்தால் தச்சருக்குக் காசு தேட வேண்டியதில்லை. விளைச்சல் குறைந்தால் எல்லோர் பங்கும் சேர்ந்தே குறைந்தது.

இதைப் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்கள் பலர் அடிமைகளாகவே வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறியது.

விலை சரிந்தது, தீர்வை நின்றது

1820-ல் தாமஸ் மன்றோ ஆளுநரான பின் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது. நிலத்துக்கு இவ்வளவு ரூபாய் தீர்வை என்று முடிவானது. அதைக் கட்ட நெல்லை விற்றாக வேண்டும். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் தானிய விலை பெரும்பாலும் தாழ்ந்தே கிடந்தது. விலை பாதியானால், ஒரு கலம் விற்றுக் கட்டிய தீர்வைக்கு இரண்டு கலம் விற்க வேண்டும். தவணை நெருங்கும்போது எல்லோரும் ஒன்றாக விற்றால் வியாபாரி கேட்டதுதான் விலை. 1855-ல்தான் நிலத்தை மறுபடி அளந்து தீர்வையைத் திருத்த அரசு முடிவெடுத்தது.

விளைச்சல் நஷ்டத்தை ஊரே பகிர்ந்த காலம் போய், விலை நஷ்டத்தை உழவர் தனியாகச் சுமக்கும் காலம் அப்படித்தான் வந்தது.

இன்று செய்யக்கூடியது

தீர்வைத் தவணையின் இடத்தில் இன்று கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் நிற்கின்றன. அறுவடை வாரத்திலேயே விற்கும் கட்டாயத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. விளைபொருளை நன்கு காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்தால், அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். விலை ஏறும்போது விற்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்தால் பலருடைய மூட்டைகளுக்கு ஒரே பேரம் பேசலாம். பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்கு முன்பே செய்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டிய நெல்லை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சந்தைக்கு அனுப்புங்கள்.