நூலக வரியும் பொது நூலகச் சட்டமும்

நூலக வரி என்பது தமிழ்நாட்டில் சொத்து வரி அல்லது வீட்டு வரியுடன் சேர்த்து வசூலிக்கப்படும் கூடுதல் வரி ஆகும். சிதம்பரம் நகராட்சியிலோ கடலூர் மாநகராட்சியிலோ வீடு வைத்திருப்பவர் செலுத்தும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு இக்கணக்கில் சேர்கிறது. செலுத்துபவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் கிளை நூலகத்துக்கு வரும் நாளிதழும் புத்தகமும் பெரும்பாலும் இப்பணத்தை நம்பியே உள்ளன.

இவ்வரிக்கு அடிப்படை 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். இது விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் நிறைவேறி, 1950 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது வரி ரூபாய்க்கு 6 பை (அக்காலப் பை, 192 சேர்ந்தால் ஒரு ரூபாய்). சட்டத்துக்காக நெடுங்காலம் உழைத்தவர் சீ. இரா. அரங்கநாதன். சிதம்பரத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள சீர்காழியில் பிறந்த இவர், 1930 இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை முன்வைத்திருந்தார்.

அரங்கநாதன் நூலகப் பயிற்சி பெற்றது இலண்டனில். இங்கிலாந்தில் 1850 இல் வந்த பொது நூலகச் சட்டம் 10,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களுக்கு மட்டுமே பொருந்தியது. பவுனுக்கு அரை பென்னி வரி விதிக்கலாம். அதில் கட்டடம் கட்டலாம், நூலகருக்குச் சம்பளம் தரலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! புத்தகங்கள் நன்கொடையாக வரும் என எதிர்பார்த்தனர். 1855 இல் வரி ஒரு பென்னியாக உயர்ந்து, புத்தகம் வாங்கவும் வழி பிறந்தது. கிராமங்களுக்கு நூலகம் தரும் அதிகாரம் மாவட்ட மன்றங்களுக்குக் கிடைத்தது 1919 இல்தான்.

சென்னைச் சட்டம் அந்த எழுபது ஆண்டுச் சுற்றுவழியைத் தவிர்த்து, சென்னை நகர் நீங்கலாக மாவட்டத்தையே அலகாகக் கொண்டது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நூலக ஆணைக்குழு உண்டு. நகராட்சியும் ஊராட்சியும் வரியை வசூலித்து அதனிடம் ஒப்படைக்க வேண்டும். கடலூர் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1993 இல் விழுப்புரம் பிரிந்தபின் கடலூர் மாவட்டத்துக்கெனத் தனி ஆணைக்குழு இயங்குகிறது. சிதம்பரத்தில் வசூலாகும் தொகை சிதம்பரத்திலேயே செலவாக வேண்டும் என்பதில்லை. அது மாவட்ட நிதியில் சேர்ந்து, வீட்டு வரி சொற்பமாக வரும் சிற்றூர்களின் ஊர்ப்புற நூலகங்களுக்கும் போகிறது. சட்டத்தின் சிறந்த கூறு இதுவே எனலாம்.

இதன் பலவீனமும் இதே இடத்தில்தான் உள்ளது. வரியை வசூலிப்பது ஓர் அமைப்பு, செலவிடுவது வேறோர் அமைப்பு. உள்ளாட்சி தொகையைக் காலத்தில் செலுத்தாவிட்டால் வாசகர் வரி கட்டியும் நூலகம் வறண்டு கிடக்கும். இவ்வாறான நிலுவை தமிழ்நாட்டில் பலமுறை பேசப்பட்ட சிக்கல்.

எனினும் வரியே இல்லாத நிலை இதைவிட மோசமானது. 2006 இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட ஊராட்சி நூலகங்கள் இச்சட்ட அமைப்புக்கு வெளியே, ஊராட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டன. கட்டடம் எழுந்தது, நிலையான ஆளும் நிதியும் இல்லாததால் பல ஊர்களில் பூட்டுத் தொங்கியது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகமும் இச்சட்டத்துக்குள் வராது, அது பல்கலைக்கழகத்தாருக்கானது.

இந்திய அரசமைப்பில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. மகாராட்டிரத்தின் 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூலக வரி கிடையாது; அரசு தன் நிதியிலிருந்து ஏற்பளிக்கப்பட்ட நூலகங்களுக்கு மானியம் தருகிறது. இலங்கையில் பொது நூலகங்கள் உள்ளாட்சி மன்றங்களின் கையில் உள்ளன. யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகர சபைக்கு உரியது. பின்லாந்தில் நூலகம் நடத்துவது உள்ளாட்சியின் சட்டக் கடமை. நூல் இரவல் பெறக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சட்டமே கூறுகிறது. தமிழ்நாட்டில் உள்ளே அமர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டி உறுப்பினராக வேண்டும்.