முதுகுப் பையும் அதன் சுமையும்

பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகப் பை வாங்கச் செல்லும் கடையில் இரண்டு கட்சிகள் உண்டு. பிள்ளையின் கண் பையின் மேல் பொறித்த படத்தில் நிற்கும். பெற்றோரின் கண் விலைச் சீட்டில் நிற்கும். "இது இரண்டு மூன்று வருடமாவது தாங்குமா?" என்னும் கேள்வியோடு பேரம் முடிந்துவிடும. உண்மையில் இவ்வழக்கில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கின்றார். அவர் பெயர் முதுகு. பையைச் சுமக்கப் போகிறவர் அவரே. ஆயினும் அவரை எவரும் விசாரிப்பதில்லை.

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேசத்திலுள்ள வரிப்பத்தான்சேனை, கரையோரப் பெருவீதியை விட்டு உள்நோக்கி, குளமும் வயலும் சூழ அமைந்த முஸ்லிம் கிராமம். ஊர்ப்பெயரின் ஈற்றிலே நிற்கும் சேனை என்னும் சொல், காடு வெட்டிப் பயிர் செய்த காலத்தை நினைவூட்டுகின்றது. இத்தகைய ஊருக்குச் சுமை என்பது புதிய பொருளன்று. நெல் மூட்டை முதுகிலும், விறகுக் கட்டு தலையிலும், தண்ணீர்க் குடம் இடுப்பிலும் ஏறிய ஊர் இது. ஒவ்வொரு சுமைக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு என்பதை அங்குள்ள முதியோர் எவரும் சொல்லித் தரவேண்டியதில்லாமலே அறிவர். அந்த அறிவைப் பிள்ளையின் பைக்கும் பொருத்திப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

இடுப்பிலே நிறைகுடம் வைத்துச் செல்லும் பெண்ணைக் கவனித்தால், அவர் உடல் குடத்திற்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கும். ஒரு பக்கத்துப் பாரத்தைச் சரிக்கட்ட முதுகெலும்பு மறுபக்கம் வளைகின்றது. ஒரு தோளில் மட்டும் பையை மாட்டிச் செல்லும் மாணவனும் இதையே செய்கின்றான். குடமாவது கிணற்றிலிருந்து வீடு வரைக்குமே. பையோ நாள்தோறும், ஆண்டுதோறும். தலைச்சுமை வேறு வகை. பாரம் உடலின் நடுக்கோட்டிலே நேராக இறங்குவதால் சாய்வு வேண்டியதில்லை. கென்யா நாட்டுப் பெண்கள் தம் உடல் நிறையின் ஐந்திலொரு பங்கைத் தலையிலே தாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு நடப்பதிலும் மேலதிகச் சக்தி செலவாகாமல் நடக்கின்றார்கள் என்று 1986 ஆம் ஆண்டில் அறிவியலார் அளந்து கண்டனர். மலையகத்தில் கொழுந்து பறிப்போர் கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டி, கூடையை முதுகோடு ஒட்டித் தொங்கவிடுவதும் ஒரு தேர்ந்த ஏற்பாடே. ஆனால் இவை யாவும் வளர்ந்தோர் பழகிப் பழகிப் பெற்ற திறன்கள். எலும்பு முற்றாத சிறுவனுக்கு இரண்டு தோள்களிலும் சமமாகத் தொங்கி, முதுகோடு ஒட்டி நிற்கும் பையே ஏற்றது.

ஒட்டி நிற்றல் ஏன் வேண்டும்? கிணற்றுத் துலாவை நினைத்துக்கொண்டால் விளங்கும். துலாவில் பாரக் கல்லை நுனிக்குத் தள்ளத் தள்ள அதன் இழுவை கூடும். கல் அதே கல்தான். பையும் அவ்வாறே. முதுகை விட்டு நான்கு விரற்கடை விலகித் தொங்கும் பை, அதே நிறையுள்ள ஒட்டிய பையைவிடப் பின்னோக்கி வலிமையாக இழுக்கும். விழாமலிருக்கப் பிள்ளை முன்னே குனியும். கழுத்தை மட்டும் நிமிர்த்தி வழியைப் பார்க்கும். காலை வேளையில் எந்தப் பள்ளி வாசலிலும் காணத்தக்க தோற்றம் இது.

பாரம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு, பிள்ளையின் உடல் நிறையில் பத்திலொரு பங்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பத்து முதல் இருபது வீதம் வரை இடங்கொடுக்கின்றது. சிறு பிள்ளைகளுக்குப் பத்து வீதத்தைக் கொள்வதே பாதுகாப்பு. இருபது கிலோகிராம் நிறையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய பாரம் இரண்டு கிலோகிராம். வெறும் பையே 700 கிராம் இருந்தால் மீதி 1300 கிராம். முக்கால் லீற்றர் தண்ணீர் போத்தலோடு சேர்ந்து ஏறத்தாழ 900 கிராம். எஞ்சுவது 400 கிராம். இதற்குள் பாடநூல்கள், அப்பியாசக் கொப்பிகள், பென்சிற் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி ஆகிய அனைத்தும் அடங்கவேண்டும். அடங்காது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புலனாகும். ஆகவே பை வாங்கும்போது வெறும் பையின் நிறையைக் கேட்பது வீண் நுணுக்கமன்று. அரைக் கிலோவுக்கு உட்பட்ட பையொன்று கிடைக்குமாயின், பிள்ளைக்கு அது இரண்டொரு கொப்பிகளுக்குரிய இடத்தை மீட்டுத் தருகின்றது.

நிறுப்பதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. பிள்ளையைத் தராசில் பையின்றி ஒரு முறையும் பையோடு ஒரு முறையும் நிற்கச்செய்து கழித்துக்கொண்டால் போதும். நெல் நிறுக்கும் வில் தராசு வீட்டிலிருந்தால் அதன் கொக்கியிலேயே பையை மாட்டலாம்.

இங்கு ஒன்றை நடுநிலையோடு சொல்லவேண்டும். பாரமான பைதான் பிள்ளைகளின் முதுகு நோவுக்குக் காரணம் என்று பலர் அடித்துக் கூறுவர். 2018 ஆம் ஆண்டில் 72,000 இற்கும் அதிகமான பிள்ளைகளைப் பற்றிய 69 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு செய்தனர். ஆயினும் பை கனக்கின்றது என்று பிள்ளை உணர்வதற்கும் நோவுக்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டது. அதாவது, தராசு சொல்வதைப் போலவே பிள்ளை சொல்வதையும் கேட்கவேண்டும். முதுகெலும்பு வளைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் களைத்துச் சோர்ந்து வரும் பிள்ளை முதற்பாடத்தில் என்ன கற்கும் என்பதைச் சிந்திக்கத் தேவையுண்டு. தோளிலே வார் பதிந்த சிவந்த தடம், விரல்களில் மரப்பு, பையை மாட்டும்போது முகத்தில் ஒரு சுளிப்பு — இவை மருத்துவ நூல் படியாத தாயும் படிக்கக்கூடிய எழுத்துக்கள்.

இச்சுமையைப் பற்றிச் சட்டசபைகளே பேசியதுண்டு. ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண், இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்தபோது, 1989 இல் நிகழ்த்திய உரையில் எடுத்துக்கொண்ட பொருள் புத்தகப் பையே. அதன் எதிரொலியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழுவொன்று அமைந்து, 1993 இல் அறிக்கை தந்தது. பையின் நிறையிலும் பெரிய பாரம், விளங்காமற் படிக்கும் பாரமே என்பது அக்குழுவின் கருத்து. தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டு முப்பருவ முறை வந்தது. ஓராண்டுப் பாடநூல் மூன்றாகப் பிரிக்கப்பட, பிள்ளை அந்தப் பருவத்துக்குரிய நூலை மட்டும் சுமந்தது. 2020 இல் இந்திய அரசு வகுத்த கொள்கை, முதலிரு வகுப்புப் பிள்ளையின் பை 1.6 முதல் 2.2 கிலோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கின்றது. மழலை வகுப்பினருக்குப் பையே வேண்டாம் என்கின்றது. ஜப்பானில் 2018 இல் கல்வி அமைச்சு, வீட்டில் வேண்டாத நூல்களைப் பள்ளியிலேயே வைத்துச் செல்லப் பிள்ளைகளை அனுமதிக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. செலவில்லாத பரிகாரம் இது. வகுப்பறையில் பூட்டுள்ள ஓர் அலுமாரி இருக்குமாயின் வரிப்பத்தான்சேனையிலும் செய்யத்தக்கது.

இலங்கையில் 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகின்றது. அது பெரும் பேறு. நூல் இலவசம்; ஆனால் அதன் நிறையை மட்டும் பிள்ளை தானே செலுத்துகின்றது! நேரசூசியைப் பார்த்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அடுக்கும் பழக்கம் இருந்தால் பை பாதியாகக் குறையும். முந்தின நாள் பாடங்களை எடுக்காமலே மறுநாள் பாடங்களைச் சேர்க்கும் பிள்ளைகளே பலர். வாரக் கடைசியில் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தால் உண்மை தெரியவரும். பள்ளிக்கூடத்தில் நல்ல குடிநீர் கிடைக்குமாயின், போத்தலை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்வது முக்கால் கிலோவை ஒரே அடியில் குறைக்கும் வழி.

இனிப் பையின் அளவு. "வளருகிற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது உடுப்பில் செல்லும், பையில் செல்லாது. பெரிய பை இடுப்புக்குக் கீழே தொங்கி, ஒவ்வோர் அடிக்கும் பின்பக்கத்தில் மோதும். அன்றியும், இடமிருந்தால் பொருள் சேரும். இது வீட்டுக்கும் பைக்கும் பொதுவிதி. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு நூலால் அளந்துகொண்டு கடைக்குச் செல்லலாம். பையின் மேல்விளிம்பு தோள்மட்டத்துக்கு மேலே போகாமலும், அடி இடுப்புக்குக் கீழே பத்துச் சதமீற்றருக்கு மேல் இறங்காமலும் இருத்தல் வேண்டும். அகலம் முதுகின் அகலத்தை மிஞ்சலாகாது. பல ஆண்டு உழைக்கும் பையைச் செய்ய இயலாது என்பதல்ல. ஜப்பானியச் சிறுவர் சுமக்கும் ரந்தோசெரு என்னும் பெட்டி போன்ற பை, ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாங்குகின்றது. ஆனால் வெறும் பையே ஒரு கிலோகிராமுக்கு மேல் இருக்கும். அந்நாட்டிலேயே அதைப் பற்றிய முறைப்பாடுகள் உண்டு.

தோள்வார் ஐந்து சதமீற்றர் அளவு அகலமாகவும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்ததாகவும் இருக்கவேண்டும். ஒடுங்கிய வார், கத்தி முனை போல, அதே பாரத்தைச் சிறிய இடத்திலே அழுத்தும். முதுகுப் பக்கம் மெத்தென்றிருந்தால் நூல்களின் மூலை குத்தாது. மார்புக்குக் குறுக்கே மாட்டும் சிறு வார் இருப்பின், தோள்வார் வழுகுவது நிற்கும். இவற்றையெல்லாம் வெறும் பையை மாட்டிப் பார்த்து அறியமுடியாது. கடையிலேயே நான்கைந்து கொப்பிக் கட்டுகளை உள்ளே இட்டு, பிள்ளையைப் பத்து அடி நடக்கச் சொல்லவேண்டும். நல்ல வியாபாரி இதற்கு முகங்கோணமாட்டார்.

துணியைப் பொறுத்தமட்டில், கான்வஸ் உறுதியானது. ஆனால் நனைந்தால் கனக்கும், காயவும் நாளெடுக்கும். வடகீழ்ப் பருவமழை கார்த்திகை முதல் தை வரை கொட்டும் இப்பிரதேசத்துக்கு, உட்புறம் நீர் புகாப் பூச்சுள்ள பொலியெஸ்டரோ நைலோனோ பொருந்தும். துணிச் சீட்டில் 600 டெனியர் என்றிருந்தால், அத்துணியின் நூல் 9000 மீற்றர் நீளத்துக்கு 600 கிராம் நிறை உடையது என்று பொருள். எண் கூடக் கூட நூல் தடிக்கும். இலக்கத்தைவிட முக்கியமானது தையல். வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் மட்டும் ஓடியிருந்தால், படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அப்பையை மீண்டும் கொக்கியிலேயே மாட்டிவிடலாம். அவ்விடத்தில் பெருக்கற் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருத்தல் வேண்டும். சிப்பைத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். அது மூலையில் சிக்கினால் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும். சிப்பின் மேல் மழைநீர் இறங்காதபடி ஒரு மடிப்பும் இருந்தால் நன்று. அதுவும் போதாத மழைக்கு, நூல்களைப் பொலித்தீன் உறையிலிட்டுப் பையினுள் வைப்பதே எளிய காப்பு. இருள் விலகுமுன் புறப்படும் பிள்ளைக்கும், மாலையில் தனியார் வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியில் திரும்பும் பிள்ளைக்கும், வாகன வெளிச்சத்தில் மின்னும் பட்டி ஒன்று பையின் பின்புறத்தில் இருப்பது உயிர்க்காப்பு.

சில்லுப் பூட்டிய இழுவைப் பையையும் கடைகளில் காணலாம். சீமெந்துத் தரையில் அது உருளும். கிரவல் வீதியிலும் மழைச் சேற்றிலும் அதைத் தூக்கியே செல்லவேண்டும். சில்லும் கைபிடிச் சட்டமும் சேர்ந்து அப்பை ஏனையவற்றினும் கனமானது.

அடுக்கும் முறைக்கும் ஒழுங்குண்டு. தடித்த நூல்கள் முதுகோடு ஒட்டி நிற்க, மெல்லிய கொப்பிகள் அதற்கு முன்னும், பென்சிற் பெட்டி முதலிய இலேசானவை வெளிப்பக்கமும் அமையவேண்டும். போத்தலைப் பக்கப் பையிலிட்டால், அதே பாரமுள்ள வேறொன்று மறுபக்கத்தில் இருப்பது நன்று. குர்ஆன் மத்றஸாவுக்கு ஓதச் செல்லும் பிள்ளைகள் குர்ஆனை ஏனைய நூல்களின் கீழே வைக்க ஒருப்படார். ஆதலின் மேற்பகுதியில் தனி அறையுள்ள பையைத் தெரிவது அவ்வூர்ப் பெற்றோருக்கு உகந்தது. ஓதச் செல்லும் வேளைக்கு இலேசான துணிப்பை ஒன்றைத் தனியே தைத்துக்கொள்வது அதனினும் நன்று; பள்ளிப் பாரம் முழுவதையும் அங்கே ஏன் சுமக்கவேண்டும்?

பாசறைப் பைக்கு இலக்கணம் சிறிது வேறு. மாத்தளையில் 1912 ஆம் ஆண்டு சாரணர் இயக்கம் இந்நாட்டில் தோன்றிய நாள் முதல், முதுகுப் பையோடு காடு செல்லும் மாணவர் இங்குண்டு. அதற்கு முன்னரே, வயற்காவலுக்காக வாடிகளில் நாட்கணக்கிற் தங்கிய விவசாயி, பாய், அரிசி, சட்டி முதலியவற்றைச் சாக்கிலே கட்டிச் சென்றார். இரவு தங்கும் பயணத்தில் பாரம் பத்துக் கிலோவை எளிதாகத் தாண்டும். தோள் மட்டும் அதைத் தாங்காது. ஆகவே அப்பையில் இடுப்பு வாரே உயிர்நிலை. இடுப்பெலும்பின் மேல் இறுகப் பூட்டினால் பாரத்தின் பெரும்பங்கு கால்களுக்கு இறங்கும். தோள்வார் பையைச் சாயாமற் பிடித்துக்கொள்ளும். நோர்வே நாட்டின் ஓலே பெர்கன் என்பவர் உடலின் வளைவுக்கேற்ற சட்டமொன்றைப் பையில் பொருத்தி 1909 இல் உரிமை பெற்றது இந்த நோக்கத்தோடேயாகும்.

பாசறைப் பையைத் தெரியும்போது ஆளின் உயரம் கணக்கன்று, உடம்பின் நீளமே கணக்கு. தலை குனிந்தால் பிடரியில் புடைக்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளக்கவேண்டும். ஓரிரவுக்கு 30 முதல் 50 லீற்றர் கொள்ளளவு போதும். படுக்கைத் துணி அடியிலும், அரிசியும் சமையற் பாத்திரமும் நடுவில் முதுகோடு ஒட்டியும், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலேயும் அமையும். மழை வந்தபின் பையின் அடியைத் துழாவுவோர் நனைந்தே தீர்வர்.

தண்ணீரே பாசறைப் பையின் பெரும்பாரம். ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம். இதே மாவட்டத்தின் தென்கோடியில், உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரிகர் சில நாட்களுக்குரிய உணவைச் சுமந்தே செல்கின்றனர். நீர் எங்கெங்கே கிடைக்கும் என்பதை அறிந்து, அடுத்த நீர்நிலை வரைக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துச் செல்வதே அவ்வழியில் பழகியோரின் முறை. பாசறைக்குப் புறப்படும் மாணவர் குழுவும், பையை அடுக்குமுன் வழியிலுள்ள கிணறுகளையும் குளங்களையும் கேட்டறிந்து, குடிக்குமுன் காய்ச்சுவதற்கு ஒரு சிறு கேத்தலையும் சேர்த்துக்கொண்டால், ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு மூன்று கிலோகிராம் குறையும்.