நெஞ்சு நோவும் நள்ளிரவுத் தீர்மானமும்

இரவு 2 மணி. 55 வயதுள்ள குடும்பத் தலைவர் ஒருவர் படுக்கையில் எழுந்து அமர்ந்திருக்கிறார். நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றி வைத்தாற்போன்ற நோவு. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை அரும்பியிருக்கிறது. மனைவி விளக்கைப் போட்டு, "என்ன செய்யுது?" என்று கேட்கிறார். "ஒன்றுமில்லை, வாய்வுதான். இரவு சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு செமிக்கவில்லை" என்று மறுமொழி வருகிறது. அடுப்பு மூட்டப்படுகிறது, இஞ்சியும் உள்ளியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த நீர் வருகிறது. அதைக் குடித்ததும் ஓர் ஏப்பம்; சற்றுச் சுகம்போலவும் தோன்றுகிறது. "ஆஸ்பத்திரிக்குப் போவோமா, அப்பா?" என்று மகன் கேட்கிறான். "இந்தச் சாமத்தில் ஊரை எழுப்பவேண்டாம். விடியட்டும், பார்ப்போம்" என்கிறார் அவர்.

இலங்கையின் எந்த ஊரிலும் எந்த இரவிலும் இவ்வுரையாடல் நிகழக்கூடும். இவ்வாறு சொல்லிப் படுத்தவர்களுள் ஒருவர் காலையில் சுகமாக எழுந்து தம் அலுவலைப் பார்க்கச் செல்வார். மற்றொருவருக்கு அந்த இரவு விடிவதேயில்லை. இவ்விருவரையும் இரவு 2 மணிக்கு வேறுபடுத்தி அறிய வீட்டிலுள்ள எவராலும் இயலாது. நோயாளியாலும் இயலாது, அனுபவம் மிக்க வைத்தியர் ஒருவர் அவ்வீட்டில் இருந்தாலும், கருவிகள் இல்லாமல் அவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், செய்யவேண்டிய தீர்மானம் எளிதாகும்.

நெஞ்சு நோவு பற்றிய மருத்துவ அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1768 ஆம் ஆண்டில் வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில வைத்தியர், இலண்டன் வைத்தியர் கல்லூரியில் இந்நோயைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். நடக்கும்போது, சிறப்பாக உணவு உண்டபின் மேட்டில் ஏறி நடக்கும்போது, சிலருக்கு நெஞ்சில் இறுக்கும் நோவு தோன்றுவதையும், அவர்கள் நின்றவுடன் அது மறைந்துவிடுவதையும் அவர் எடுத்துரைத்தார். நெரித்தல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டே இந்நோய்க்குப் பெயரும் இட்டார். உணவுக்கும் இந்நோவுக்கும் உள்ள தொடர்பு அக்காலத்திலேயே கவனிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. உணவுக்குப்பின் வரும் நோவெல்லாம் வாய்வு என்று கொள்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதுவே சான்று.

எனினும், இதயத்துக்குக் குருதியூட்டும் நாடியொன்று திடீரென அடைபட்டால் நோயாளி அக்கணமே இறந்துபடுவார் என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் அக்கருத்தை மறுத்தார். அடைப்பு ஏற்பட்டவர் பல மணி நேரமோ பல நாள்களோ உயிர்வாழலாம், தேறியும் எழலாம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அடைப்பு நேர்ந்த கணத்துக்கும் அதன் விளைவுக்கும் இடையே மனிதர் செயற்படக்கூடிய ஓர் இடைவெளி உண்டு என்பதே இதனால் பெறப்பட்ட உண்மை.

அந்த இடைவெளி எவ்வளவு? இதயம் ஓயாது உழைக்கும் ஒரு தசை. அத்தசைக்கு வேண்டிய குருதியை முடியுரு நாடிகள் எனப்படும் குழாய்கள் கொண்டுவருகின்றன. ஆண்டுக்கணக்கில் அக்குழாய்களின் சுவரிற் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்திற் குருதி உறைந்து கட்டியாகி வழியை அடைக்கிறது. முற்றாக அடைபட்டபின் ஏறக்குறைய அரை மணி நேரத்திற் குருதி பெறாத தசை சாகத் தொடங்குகிறது. அதன்பின் அச்சாவு மணிக்கு மணி பரவுகிறது. 6 மணி நேரம் கழிவதற்குள் அப்பகுதித் தசையின் பெரும்பங்கு மாண்டுவிடுகிறது. இறந்த இதயத்தசை மீண்டும் வளர்வதில்லை. பிழைத்து எழுபவரும் எஞ்சிய தசையைக்கொண்டே வாழவேண்டும்.

உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்துகளின் பயன் 1980 களில் ஐயமின்றி நிறுவப்பட்டது. 1988 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் 17,187 நோயாளர் பங்குபற்றினர். அஸ்பிரின் மாத்திரையும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் கரைக்கும் மருந்தும் சேர்ந்து, முதல் 5 வாரங்களில் நிகழும் மரணங்களை நூற்றுக்கு 42 பங்கு குறைத்தன என்று அது காட்டியது. 1996 ஆம் ஆண்டில், இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். நோவு தொடங்கி 1 மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்து பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 65 உயிர்கள் காக்கப்பட்டன. இரண்டாவது மணியில் மருந்து பெற்றவர்களில் அத்தொகை 37 ஆகக் குறைந்தது. மூன்றாவது மணியில் 26 ஆயிற்று. மருந்து ஒன்றேதான், வேறுபட்டது நேரம் மட்டுமே. இஞ்சித் தண்ணீருக்கும் ஏப்பத்துக்கும் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தின் விலை இதுவாகும்.

அவ்வாறாயின் வாய்வையும் மாரடைப்பையும் மக்கள் ஏன் இவ்வளவு எளிதாக மாற்றிக்கொள்கின்றனர்? அது அவர்களுடைய அறியாமையால் மட்டும் நேர்வதன்று. உடலின் அமைப்பே அதற்குக் காரணம். இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் வரும் நரம்புகள் முள்ளந்தண்டினூடே ஏறத்தாழ ஒரே வழியாக மூளைக்குச் செல்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்பதை மூளையாற் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் கீழ்ப்பாகம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையின்மேல் அமர்ந்திருக்கிறது. அப்பாகத்தில் அடைப்பு நேரும்போது குமட்டலும் வாந்தியும் விக்கலும்கூடத் தோன்றும். ஆகவே ஏப்பம் வந்து சற்றுச் சுகம் கிடைத்தது என்பதும், அமிலந் தணிக்கும் மருந்தால் எரிவு குறைந்தது என்பதும் இதயம் நலமாக உள்ளது என்பதற்கு அத்தாட்சி ஆகா.

வீட்டிலிருப்போர் கவனிக்கவேண்டிய குறிகள் சில உண்டு. நோவு நெஞ்சின் நடுவே அழுத்தமாக, இறுக்கமாக, பாரமாக, அல்லது எரிவாக இருக்கலாம். நோயாளி அதை ஒரு விரலாற் சுட்டிக்காட்டாமல், மூடிய கையை நெஞ்சில் வைத்தோ உள்ளங்கையால் மார்பைத் தடவியோ காட்டுவார். அது இடக்கைக்கோ இரு கைகளுக்குமோ, கழுத்துக்கோ தாடைக்கோ, முதுகுக்கோ மேல்வயிற்றுக்கோ பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, தலைச்சுற்றல், முகம் வெளிறுதல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்துவிட்டால் ஒரு நிமிடமும் பொறுக்கவேண்டியதில்லை. இவை எதுவுமின்றி நோவு மட்டும் இருப்பினும், ஓய்வாக இருந்தும் 15 நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும். ஏற்கெனவே இதயநோய் உள்ளவர், வைத்தியர் தமக்கெனக் கொடுத்த மருந்தை நாவின்கீழ் வைத்தும் 5 நிமிடத்தில் நோவு தணியாவிடின், அதற்குமேலும் காத்திருத்தல் ஆகாது.

சிலருக்கு நெஞ்சு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். நீரிழிவு நெடுநாள் நீடித்தால் நரம்புகள் பழுதடைந்து நோவை உணர்த்தாமற் போகலாம். முதியோரிடத்தும், ஆண்களைவிடப் பெண்களிடத்திலும், இவ்வாறு மாறுபட்ட குறிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. காரணமின்றி வந்த மூச்சிளைப்பு, முன் ஒருபோதும் இல்லாத சோர்வு, வியர்வையோடு கூடிய வாந்தி, தாடை நோவு என்பவை அவர்களிடத்தில் மாரடைப்பின் முதற்குறியாக இருக்கலாம். "ஆச்சிக்குக் களைப்பு, படுத்தாற் சரியாகும்" என்று ஒதுக்கிவிடுதல் ஆபத்தானது.

நெஞ்சு நோவெல்லாம் மாரடைப்பன்று என்பதும் உண்மையே. ஓரிரு கணம் சுள்ளென்று குத்தி மறைவது, விரலால் அழுத்தும்போது அவ்விடத்தில் மட்டும் நோவது, பாரம் தூக்கிய மறுநாள் உடலைத் திருப்பும்போது வருவது என்பவை பெரும்பாலும் தசையையும் விலாவையும் சார்ந்தவை. இவற்றுக்கு மறுநாட் காலை வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்றாற் போதுமானது. ஆனால் மூச்செடுக்கும்போது குத்தும் நோவோடு மூச்சுத்திணறலும் இருப்பின், அது நுரையீரலைப் பற்றிய அவசர நோயாக இருக்கலாம். அதற்கும் உடனே செல்லவேண்டும். இன்னதென்று ஐயம் எழும்போது, அந்த ஐயமே போவதற்குப் போதிய காரணமாகும்.

அறிவு இருந்தும் புறப்படத் தயங்குவோர் பலர். வெட்கம் அதற்கு முதற் காரணம். "போய்ப் பார்த்தால் வாய்வு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்; அயலவர் சிரிப்பார்கள்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிறருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்னும் நற்குணமும் இங்கே பகையாகிறது. இவற்றோடு, வீட்டுத் தீர்மானமெல்லாம் குடும்பத் தலைவருடையது என்னும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இந்நேரத்தில் அவரே நோயாளி, அஞ்சியிருப்பவரும் அவரே. தமக்கு ஒன்றுமில்லை என்று நம்ப விரும்புவது மனித இயல்பு. ஆதலால் இத்தீர்மானத்தை அவரிடம் மட்டும் விடலாகாது. "போவோமா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்ற விடை வரும். "வண்டிக்குச் சொல்லியாயிற்று, சட்டையைப் போடுங்கள்" என்று மகனோ மகளோ மனைவியோ சொல்வதே பொருத்தமானது.

இரு பிழைகளையும் எடைபோட்டுப் பார்த்தல் நன்று. வாய்வுக்காக வைத்தியசாலை சென்றவர் ஓர் இரவு உறக்கத்தை இழப்பார். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. மாரடைப்பை வாய்வென்று எண்ணி வீட்டில் இருந்தவரின் இழப்பை எவராலும் ஈடுசெய்ய இயலாது.

புறப்படத் தீர்மானித்ததும் 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கவேண்டும். சுவ செரிய எனப்படும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்டு, 2018 ஆம் ஆண்டில் வட மாகாணத்துக்கும், பின்னர் நாடு முழுவதுக்கும் விரிவாக்கப்பட்டது. மாரடைப்பின் முதல் மணியில் இதயத்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். பயிற்சி பெற்றவர் அருகிலிருப்பின் அந்நிலையிலும் உயிரை மீட்கும் வாய்ப்பு உண்டு; முச்சக்கரவண்டியில் அவ்வாய்ப்பு அரிது. ஆயினும் நோயாளர் காவு வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், கிடைத்த வாகனத்தில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. நோயாளி தாமே வாகனம் ஓட்டலாகாது. கடல் கடந்து வரவேண்டிய நெடுந்தீவு போன்ற இடங்களிலும், பிரதான வீதியிலிருந்து விலகிய தோட்டங்களிலும் வாழ்வோர், பயணத்துக்குச் செல்லும் நேரத்தையும் கணக்கிற் சேர்த்து, முன்னதாகவே தீர்மானிக்கவேண்டும்.

வண்டி வரும்வரை நோயாளி சாய்ந்து அமர்ந்திருக்கட்டும். நடத்தலும் படியேறலும் வேண்டாம். உணவு எதுவும் கொடுக்கவேண்டாம். ஒவ்வாமையோ குருதிப்போக்கோ இல்லாதவராயின் 300 மில்லிகிராம் அஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கலாம். இதைத் தொலைபேசியில் பேசுபவரிடம் கேட்டுச் செய்தல் நலம். பிறருக்குக் கொடுத்த இதய மாத்திரையை வாங்கிக் கொடுத்தல் தகாது. நோயாளியின் கிளினிக் கொப்பியையும் அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்லவேண்டும். அவர் நினைவிழந்து மூச்சற்றுப் போனால், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, 5 சென்றிமீற்றருக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

வைத்தியசாலையில் முதலிற் செய்யப்படுவது ஈ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைவு. வந்து சேர்ந்த 10 நிமிடத்துக்குள் அதை எடுத்தல் நல்ல மருத்துவ முறை. முதல் வரைவு சரியாக இருந்தாலும் சில மணி நேரம் தங்கச்சொல்லலாம். பழுதுற்ற இதயத்தசையிலிருந்து குருதியிற் கலக்கும் துரோப்பனின் என்னும் பொருள் தென்படச் சில மணி நேரம் செல்லும். அதனால் வரைவும் குருதிச் சோதனையும் மீண்டும் செய்யப்படலாம். "முதற் சோதனையில் ஒன்றுமில்லையே" என்று அவசரப்பட்டு வீடு திரும்புதல் கூடாது. ஒன்றுமில்லை என்று இறுதியில் தெரியவந்தால் அதுவும் நல்ல செய்தியே. அவ்விரவு வீண்போனதாக எவரும் எண்ணவேண்டியதில்லை.

இத்தகைய தீர்மானத்தை நள்ளிரவுப் பதற்றத்தில் முதன்முறையாக ஆராய்வதைவிட, பகற்பொழுதில் குடும்பத்தார் கூடியிருக்கும்போதே பேசிவைத்தல் மேலானது. யார் தொலைபேசியில் அழைப்பது, எந்த வைத்தியசாலை அருகில் உள்ளது, அயலில் யாரிடம் வாகனம் இருக்கிறது, கொப்பி எந்த அலுமாரியில் இருக்கிறது என்பவற்றைப் பேசி முடிக்கப் பத்து நிமிடம் போதும். நெஞ்சு நோவு வந்தால் வாய்வா இதயமா என்று வாதிடாமற் புறப்படுவோம் என்று வீட்டுத் தலைவர் சுகமாக இருக்கும் வேளையில் அவரிடமே ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம். அன்று அவர் சொன்ன சொல்லை, நோவு கண்ட இரவில் அவருக்கே நினைவூட்டலாம்.