இரண்டு பேருக்கு ஒரு பேட்டரி கார்: வாங்கும் முன் சாலையைப் பாருங்கள்

சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் அன்பர்கள் பேசிக்கொள்ளும் விஷயங்கள் காலத்துக்குக் காலம் மாறும். முன்பு மனை விலை, பிறகு பிள்ளைகளின் எஞ்ஜினீயரிங் சீட்டு. இப்போது காதில் விழுவது, “சின்னதா ஒரு பேட்டரி கார் வாங்கலாமா?” என்ற கேள்விதான். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள்; வீட்டில் இருப்பது இரண்டே பேர்; அப்புறம் ஐந்து பேர் உட்காரும் கார் எதற்கு? நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் ஆறு மாதம் இந்தக் கேள்வி ஓடியது. அதற்காகச் சேர்த்த விவரங்களை அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

நான் இருப்பது பங்காருபாளையத்தில். சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் சுமார் 20 கி.மீ. தள்ளி உள்ள ஊர். பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். எங்கள் ஊர்த் தங்கம் மாங்காய். குடியாத்தத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். என் மனைவிக்கு முழங்கால் வலி. ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார இப்போது முடிவதில்லை. ஆனால் கார் ஓட்டும் லைசென்ஸ் அவளிடம் இருக்கிறது. “ஒவ்வொரு தடவையும் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக் காத்திருக்கணுமாங்க? நாமே ஓட்டிட்டுப் போற மாதிரி சின்ன வண்டி ஒண்ணு பாருங்க” என்றாள். யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. கார் அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

இது புதுச் சரக்கல்ல

குட்டிக் கார் என்பது நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் பெட்ரோலுக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, இத்தாலியில் 1953-ல் ‘இசெட்டா’ என்ற முட்டை வடிவக் கார் பிறந்தது. முன்பக்கமே கதவு, உள்ளே இரண்டு பேர். 1955 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதைச் செய்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மக்கள் கையில் பணம் புரண்டதும் பெரிய கார்களுக்கு மாறிவிட்டார்கள்.

நம் நாட்டில் 1993-ல் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் அமரும் பேட்டரி கார் வந்தது. கேரளத்துச் சாலக்குடியும் நம் கோயம்புத்தூரும் அதன் பிறந்த வீடுகள். ஒரு சார்ஜில் சுமார் 60 கி.மீ. ஓடும் என்றார்கள். ஏறக்குறைய அத்தோடு அது நின்றுபோனது. அடுத்து 2001-ல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’. சேத்தன் மைனி என்ற எஞ்ஜினீயரின் முயற்சி. முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். நீளம் 2.6 மீட்டர்தான். 2004 முதல் லண்டனில் ‘ஜீ-விஸ்’ என்ற பெயரில் ஓடியது. அங்கே 2003-ல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட்டிருந்தார்கள். பேட்டரி காருக்கு அப்போது அந்தக் கட்டணம் இல்லை. லண்டனில் வாழ்ந்த நம்மவர்கள் பலர் அதைத் தெருவில் பார்த்திருப்பார்கள். 2010-ல் மகிந்திரா நிறுவனம் ரேவாவை வாங்கியது. இன்று அந்தக் கார் உற்பத்தியில் இல்லை.

ரேவாவின் பலவீனம் அதன் பேட்டரி. எட்டு ஈய அமில பேட்டரிகள். தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வருடங்களில் மொத்தமாக மாற்ற வேண்டும். இப்போது வருபவை லித்தியம் பேட்டரிகள். எடை குறைவு, ஆயுள் அதிகம், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை.

பேட்டரி என்றதும் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1985-ல் கல்லா ராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜா பேட்டரி நிறுவனத்துக்குத் திருப்பதிக்குப் பக்கத்தில் கரக்கம்பாடியில் ஒரு தொழிற்சாலை; எங்கள் பங்காருபாளையம் மண்டலத்து நுனெகுண்ட்லபள்ளியில் இன்னொரு பெரிய வளாகம். நாட்டின் பல கார்களை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி எங்கள் பக்கத்திலிருந்து போகிறது. பேட்டரி கார் பற்றிப் பேச எங்கள் ஊருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு!

இப்போது கடையில் என்ன இருக்கிறது?

இரண்டு பேருக்கு மட்டும் என்று செய்த கார்கள் வெளிநாட்டில்தான் அதிகம். பிரான்சில் 2020-ல் வந்த ‘சிட்ரோயன் ஆமி’ 2.41 மீட்டர் நீளம். மணிக்கு 45 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாது. 14 வயதுப் பிள்ளைகளே அங்கே ஓட்டலாம். நம் நாட்டில் பூனாவின் ‘வேவ் ஈவா’ 2025 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் வந்தது. இரண்டு பெரியவர், ஒரு குழந்தை அமரலாம். கூரையில் சூரியத் தகடு. மணிக்கு 70 கி.மீ. வேகம், பேட்டரிக்குத் தனி வாடகை என்றால் 3.25 லட்சம் ரூபாயிலிருந்து விலை என்று அறிவித்தார்கள்.

பெரிய கம்பெனியின் வண்டியாகத் தெருவில் நிறையக் கண்ணில் படுவது 2023-ல் வந்த ‘எம்.ஜி. காமெட்’. நீளம் 3 மீட்டருக்கும் குறைவு. கதவு இரண்டு, சீட்டு நான்கு. ஆனால் பின்சீட்டை மடக்கினால்தான் பெட்டி படுக்கை வைக்க இடம் கிடைக்கும். ஆகவே நடைமுறையில் இதுவும் இரண்டு பேர் வண்டிதான். அறிமுக விலை 7.98 லட்சம். பேட்டரி 17.3 யூனிட் கொள்ளும், 230 கி.மீ. ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. வீட்டுப் பிளக்கில் முழு சார்ஜ் ஏற ஏழு மணி நேரம்.

கணக்கை நாமே போடலாம்

கம்பெனி சொல்லும் தூரத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஏ.சி., ஏற்றம், டிராபிக் எல்லாம் இருக்கிறதே! 230-ல் முக்கால் சுமார் 170 கி.மீ. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 20 யூனிட், யூனிட் 7 ரூபாய் என்றால் 140 ரூபாய். கிலோமீட்டருக்குச் சுமார் 82 பைசாதான். பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்து, பெட்ரோல் 110 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். மிச்சம் 5 ரூபாய்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மிச்சம் எவ்வளவு என்பது வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. பெங்களூரில் என் மகள் வேலைக்குப் போய்வரத் தினம் 40 கி.மீ. ஓட்டுகிறாள். வருடம் 12,000 கி.மீ.; மிச்சம் 60,000 ரூபாய். நாங்கள் வருடம் 4,000 கி.மீ. போனால் அதிகம்; மிச்சம் 20,000 ரூபாய்தான். குறைவாக ஓடும் வீட்டில் பெட்ரோல் மிச்சத்தை நம்பிக் காரை வாங்கக்கூடாது.

ஏற்றம் பற்றியும் பயப்படுகிறார்கள். சித்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர். மொகிலி மலைப்பாதை ஏறிப் பலமனேர் போனால் 680 மீட்டர். ஒரு டன் எடையை 350 மீட்டர் தூக்க ஒரு யூனிட் மின்சாரம் போதும். மோட்டார் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். 2022 முதல் திருமலை மலைப்பாதையில் பேட்டரி பஸ்களே ஏறி இறங்குகின்றன. ஏற்றம் ஒரு தடை அல்ல.

தடை எது?

சென்ற வருடம் பெங்களூர் போனபோது மகளும் நாங்களும் குட்டிக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தம் இல்லை. சந்துக்குள் ஒரே வீச்சில் திரும்புகிறது. இரண்டு ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். “இதுதாங்க நமக்கு” என்றாள்.

ஊர் திரும்பிய மறுவாரம் மாங்காய் சீசன். நெடுஞ்சாலை ஓரத்தில் டிராக்டர்கள் மார்க்கெட் யார்டு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. சாலையைக் கடக்க நின்றபோது, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் பறந்தன. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்த லாரிக்குப் பக்கத்துல அந்த டப்பாவை நான் ஓட்டணுமா?” என்று கேட்டாள். நான் சேர்த்துவைத்த கணக்குகளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

விஷயம் இதுதான். குட்டிக் கார் நகரத்து வேகத்துக்குச் செய்தது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் உக்கிரம் நான்கு மடங்கு. 2014-ல் ஐரோப்பாவின் ‘யூரோ என்கேப்’ அமைப்பு, இரண்டு பேர் செல்லும் ‘ரெனோ ட்விசி’ உள்பட நான்கு குட்டி வண்டிகளை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. உள்ளே இருப்பவருக்குப் பலத்த காயம் ஏற்படும் என்பதுதான் முடிவு. காரணம், அவை சட்டப்படி கார் வகையில் சேராதவை. காருக்குரிய மோதல் சோதனை அவற்றுக்குக் கட்டாயமில்லை. நம் நாட்டிலும் ‘குவாட்ரிசைக்கிள்’ என்று ஒரு தனி வகை உண்டு. 2018 முதல் சொந்த உபயோகத்துக்கும் அனுமதி. பேட்டரி நீங்கலாக எடை 475 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நாலு சக்கரமும் கூரையும் இருப்பதால் அதுவும் காரும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது.

எங்களுடைய பயணங்களை ஒரு தாளில் எழுதினேன். வாரம் ஒரு முறை சித்தூர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முழங்காலுக்காக வேலூர் ஆஸ்பத்திரி. எப்போதாவது காணிப்பாக்கம், திருப்பதி. எல்லாமே நெடுஞ்சாலை! ஊருக்குள் போகும் தூரம் ஆட்டோவுக்கே போதாது. மகளுடையதையும் எழுதிப் பார்த்தேன். எல்லாமே நெரிசல் சாலை, 40 கி.மீ. வேகத்தைத் தொட்டால் அதிசயம். அதே வண்டி அவளுக்கு மிகப் பொருத்தம், எங்களுக்குப் பொருந்தாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. நீங்கள் தினம் போகும் சாலையில் மற்ற வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன? 60-க்கு மேல் என்றால் இரண்டு பேர் குட்டி வண்டி வேண்டாம்.

2. பதிவுப் புத்தகத்தில் கார் என்று வருமா, குவாட்ரிசைக்கிள் என்று வருமா? இருவருக்கும் ஏர்பேக் உண்டா?

3. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் உண்டா? அபார்ட்மென்ட் என்றால் உங்கள் பார்க்கிங் இடம் வரை கேபிள் இழுக்கச் சங்கத்தின் அனுமதி கிடைக்குமா? பெங்களூர், ஐதராபாத் அன்பர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

4. பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம்? எழுத்தில் வாங்குங்கள். வாடகை பேட்டரி என்றால் மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று கட்டணம் உண்டா?

5. சர்வீஸ் எந்த ஊரில்? ஸ்டெப்னி உண்டா, பஞ்சர் கிட் மட்டும்தானா?

6. அறிவிப்பு வந்த வண்டியா, டெலிவரி நடக்கும் வண்டியா? கடையில் நிற்கும் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

7. முழங்கால் வலி உள்ளவர்களை நேரில் அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட்டின் உயரம் விளம்பரத்தில் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம்?

மகள் வாங்கினாள். பச்சை நம்பர் பிளேட்டோடு அவளுடைய குட்டிக் கார் பெங்களூரில் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் வாங்கவில்லை. எட்டு லட்சம் ரூபாயை வங்கியில் போட்டால் 7 சதவீத வட்டிக்கு வருடம் 56,000 ரூபாய் வரும். வேலூருக்கு ஆறு முறை வாடகைக் கார், முறைக்கு 3,000 ரூபாய். சித்தூருக்கு வாரம் ஒரு முறை ஆட்டோ, 600 ரூபாய். மொத்தம் 50,000 ரூபாய்க்குள் முடிகிறது. முதல் அப்படியே இருக்கிறது. பெரிய பேட்டரி கார் வாங்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். வருடம் 4,000 கி.மீ. ஓட்டுவதற்கு அவ்வளவு பணத்தை முடக்க மனம் வரவில்லை.

கணக்கு சரிதான். ஆனால் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்ற என் மனைவியின் ஆசை இதில் முழுதாக நிறைவேறவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. வாடகைக் கார் வரும் நேரத்தை இப்போது அவள்தான் முடிவு செய்கிறாள், அவள்தான் போன் செய்கிறாள். பெங்களூர் போகும்போதெல்லாம் மகளின் காரை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குத் தனியாகப் போய்வருகிறாள். சித்தூரிலோ திருப்பதியிலோ ஊருக்கு நடுவில் வீடு எடுத்தால் இந்தக் கணக்கையே மறுபடி போட வேண்டியிருக்கும். அப்போது விடை வேறாக வரலாம்.

அன்பர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்துப் பயணங்களை எழுதிப் பாருங்கள். எவ்வளவு தூரம் என்பதற்குப் பக்கத்தில், எந்தச் சாலை, என்ன வேகம் என்பதையும் எழுதுங்கள். எந்த வண்டி வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.